முந்நூற்று நாற்பது பேருக்கான பசி

எங்கள் துண்டு ஆலையில் மாஸ்டர்கள் பலர் உண்டு. தையல் மாஸ்டர், சாய மாஸ்டர், நெசவு மாஸ்டர் என்று முன்னால் ஏதாவது ஒட்டவைத்தால்தான் யாரென்று தெரியும். வெறுமனே மாஸ்டர் என்றால் அது கேன்டீனில் சமைக்கிறவள்தான். எடை நூற்றுப் பதினெட்டுக் கிலோ. இதை நான் சொல்லவில்லை, மருத்துவமனை இயந்திரம் சொன்னது. நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

நாங்கள் ஒரே கட்டடத்தில் குடியிருக்கிறோம். அவள் இரண்டாவது மாடி, நான் முதல் மாடி. தைத்து வந்த துண்டுகளை விளக்கடியில் விரித்துக் குறை பார்ப்பது என் வேலை. இழை விட்டிருக்கிறதா, ஓரம் கோணியிருக்கிறதா, சாயம் திட்டுத் திட்டாகப் பிடித்திருக்கிறதா என்று இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கிறேன். அந்தப் புத்தி வீட்டுக்கு வந்தாலும் போகாது. என் மருமகள் தனிக்குடித்தனம் போனதற்கு அதுதான் காரணம் என்று என் மகன் சொல்வதில்லை, நினைப்பதோடு சரி.

கேன்டீனில் மதியம் முந்நூற்று நாற்பது பேர் சாப்பிடுவார்கள். சில நாள் முந்நூறு, கூடுதல் நேரம் ஓடினால் நானூறு. மாஸ்டர் அளவுக் குவளை எதையும் தொட்டதில்லை. காலை ஐந்து மணிக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வருவாள். அரிசித் தொட்டி முன்னால் நின்று சட்டி சட்டியாக அள்ளி அண்டாவில் கொட்டுவாள். ஓர் இடத்தில் கை தானாக நிற்கும். கேட்டால், "வயிறு போதும்னு சொல்லும்க்கா" என்பாள். மழை பெய்தால் அவளுக்குப் பசி கூடும், ஆலைக்கும் கூடும். வெயில் கொளுத்தினால் இரண்டுக்கும் மந்தம். பருப்பும் காயும் அதே கணக்குத்தான். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாள் பற்றாமல் போனதில்லை. மிஞ்சினால் ஒரு வாளி மிஞ்சும். அவள் லீவு போட்டால் ஆபீசிலிருந்து ஒரு தாள் வரும், தலைக்கு இத்தனை கிராம் என்று. அன்றைக்கு ஒன்று கடைசி வரிசை பட்டினி, இல்லையென்றால் பாதி குப்பைக்கு.

இப்படிப்பட்டவளுக்கு முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டது. கடைசி ஒரு வருஷம் அடுப்பு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு அதில் ஒரு முழங்காலை ஊன்றிக்கொண்டுதான் கிளறினாள். மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு மூச்சு கேட்கும். என் கதவுக்கு வெளியே நின்று, ஏதோ என்னோடு பேச வந்தவள்போல இரண்டு வார்த்தை பேசிவிட்டு மேலே போவாள். இளைப்பாறத்தான் நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளமாட்டேன்.

எலும்பு டாக்டர் இரண்டு முட்டியையும் மாற்றிவிடலாம் என்றார். ஆனால் நூறு கிலோவுக்குக் கீழே வந்தால்தான் கத்தி வைப்பேன் என்றும் சொல்லிவிட்டார். வராவிட்டால்? அவர் தோளைக் குலுக்கினாராம். நிற்க முடியாத சமையல்காரிக்கு ஆலையில் என்ன வேலை கொடுப்பார்கள் என்று அவளே கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

இளைப்பதற்கு அவள் செய்யாதது ஒன்றுமில்லை. ராத்திரிச் சாப்பாட்டை விட்டாள். அரிசியை விட்டாள். எடை குறையும் என்று நாத்தனார் விற்ற ஏதோ மாவைக் கரைத்துக் குடித்து ஒரு மாதம் தலைசுற்றிக் கிடந்தாள். எட்டுக் கிலோ குறையும், அடுத்த ஆறு மாதத்தில் பத்துக் கிலோ ஏறும். "வாயைக் கொஞ்சம் கட்டு" என்று நானே அவளிடம் சொல்லியிருக்கிறேன். நாள் பூராவும் முந்நூறு பேருக்குச் சமைக்கிறவளைப் பார்த்து அப்படிச் சொல்ல எனக்கு எப்படி வாய் வந்தது என்று இப்போது வெட்கமாக இருக்கிறது.

எலும்பு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு உடல் எடைக்கென்றே இருக்கிற டாக்டரிடம் போனோம். அவளுடைய புருஷன் ஆலையில் பாய்லர் பார்ப்பவர். அன்றைக்கு அவருக்குப் பகல் ஷிப்ட். "நீங்க கூட வாங்கக்கா, அவங்க சொல்றதுல பாதி எனக்கு மண்டையில ஏறாது" என்று மாஸ்டர் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் சின்ன வயசுப் பெண். முதலில் அவள் சொன்னது, இது உங்கள் தப்பில்லை என்பது. இளைத்த உடம்பு பழைய எடைக்கே திரும்பப் பார்க்கும், பசியைக் கூட்டிவிடும், அதோடு மனவுறுதியை மட்டும் வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட முடியாது என்றாள். மாஸ்டர் அதைக் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். இத்தனை வருஷத்தில் அப்படி ஒருத்தர் சொன்னது அதுதான் முதல் தடவை.

பிறகு கத்தி இல்லாத வழிகளை வரிசையாகச் சொன்னாள். மாத்திரை இருக்கிறது. வாரம் ஒரு ஊசி இருக்கிறது, வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். வாய்வழியாகக் குழாயை விட்டு வயிற்றுக்குள் ஒரு பலூனை வைப்பதும் உண்டு, ஆறு மாதம் கழித்து எடுத்துவிடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் என்ன நல்லது, என்ன தொந்தரவு, யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று பொறுமையாகத்தான் சொன்னாள். நாங்களும் பொறுமையாகத்தான் தலையாட்டினோம். வெளியே பஸ் நிறுத்தத்துக்கு வந்தால் ஆளுக்கு ஒன்று ஞாபகம் இருக்கிறது. பலூனில் காற்று என்கிறாள் அவள், தண்ணீர் என்கிறேன் நான். ஊசியை நிறுத்தினால் எடை திரும்பிவிடும் என்றார்களா, திரும்பலாம் என்றார்களா? வாந்தி வருவது மாத்திரைக்கா ஊசிக்கா? கடைசியில் திரும்பவும் உள்ளே போய் நர்சிடம் எழுதி வாங்கிக்கொண்டு வந்தோம். பலூனில் தண்ணீர்தான். இதிலாவது நான் ஜெயித்தேன்.

வீட்டில் அன்று மாலை பெரிய பஞ்சாயத்து. ஊசி போட்டு இளைப்பது ஏமாற்று வேலை, நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது என்று நாத்தனார் ஆரம்பித்தாள். மாவு விற்கிறவளுக்கு ஏமாற்று வேலையைப் பற்றிப் பேச்சு. நான் வாயைத் திறப்பதற்குள் பாய்லர்காரர் பேசினார். அவர் பேசுவது அபூர்வம். ஒல்லியான மனிதர். மீட்டரையே பார்த்துப் பார்த்து மனிதர் முகத்தைப் பார்க்கக் கூச்சப்படுவார்.

"நாலு பேரா மாடி ஏறுறாங்க? அவதானே ஏறுறா" என்றார்.

அதோடு ஊசி என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரே போட்டுவிடுவார். குளிர்சாதனப் பெட்டியில் முட்டைக்குப் பக்கத்தில் அந்த ஊசிப் பேனா இருக்கும். சின்ன அளவில் ஆரம்பித்து மாதத்துக்கு ஒரு படி ஏற்றினார்கள். முதல் மாதம் எண்ணெய் வாசனைக்கே குமட்டியது. அப்புறம் அது அடங்கியது. நாலாவது மாதம் எடை நூற்று ஆறு. படியில் மூச்சுச் சத்தம் குறைந்தது. என் கதவுக்கு வெளியே நிற்காமல் நேராக மேலே போனாள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் நிற்கவில்லையே என்று இருந்தது.

வீட்டில் ஒரு கூத்து நடந்தது. அவள் நாலு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவைக்க, எதிரே உட்கார்ந்து தனியாகச் சாப்பிடக் கூச்சப்பட்டு பாய்லர்காரரும் எழுந்துவிடுவாராம். ஊசி அவளுக்கு, இளைத்தது இவரும். பெல்ட்டில் ஆணியை வைத்துப் புது ஓட்டை போட்டுக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

ஆலையில் நடந்தது கூத்தில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை கடைசி வரிசைக்குச் சோறு பற்றவில்லை. கடைசியில் வருகிறவர்கள் சாயப் பிரிவு ஆட்கள். இயந்திரத்தைப் பாதியில் விட்டுவிட்டு வர முடியாது, அதனால் எப்போதும் அவர்கள்தான் கடைசி. ஆலையிலேயே முதுகு ஒடிகிற வேலையும் அவர்களுடையதுதான். ரொட்டி வாங்கிக் கொடுத்துச் சமாளித்தார்கள். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த திங்கட்கிழமை பயந்துபோய் அதிகம் போட்டாள், மூன்று வாளி மிஞ்சியது. மறுநாள் மறுபடியும் பற்றவில்லை. சாயப் பிரிவில் வயசான ஆள் ஒருத்தர் வெறும் தட்டை அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். மாஸ்டர் கரண்டியோடு நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அரிசி திருடு போகிறது என்றார்கள். காய் நறுக்குகிற இரண்டு பெண்களின் பைகளைச் சோதித்தார்கள், அந்தப் பாவம் வேறு. அரிசி ரகம் மாறிவிட்டது என்றார்கள். இன்னொரு தடவை புகார் வந்தால் சமையலை வெளியாளிடம் விட்டுவிடுவோம் என்று மேனேஜர் சொல்லி அனுப்பினார்.

துண்டில் ஒரு குறை தெரிந்தால், எந்தத் தறி, எந்த நாள் என்று பின்னாலேயே போய்ப் பார்ப்பது எங்கள் வழக்கம். நானும் அப்படிப் போய்ப் பார்த்தேன். பற்றாமல் போனதெல்லாம் செவ்வாய், புதன். அதிலும் ஊசியின் அளவை ஏற்றிய வாரங்களில் மோசம். ஒரு நாள் அவள் வேலை முடிந்து வரும்போது படியிலேயே பிடித்துக் கேட்டேன், காலையில் அரிசித் தொட்டி முன்னால் நிற்கும்போது எப்படி இருக்கிறது என்று.

"எப்படின்னா?"

"பசிக்குதா?"

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இல்லைக்கா. நாலு சட்டி போட்டதுமே போதும்னு தோணுது. அண்டாவைப் பாத்தா இவ்வளவு யார் திம்பாங்கன்னு இருக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. படியில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தால் எழுந்திருப்பது கஷ்டம் என்று தெரிந்தும் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்டு இவ்வளவு வருத்தப்பட்டதில்லை.

"பசி போனா நல்லதுன்னுதானேக்கா எல்லாரும் சொன்னீங்க" என்றாள். "எனக்கும் நல்லாத்தான் இருக்கு. முன்னாடி தூங்கி எந்திரிச்சதுலேர்ந்து சாப்பாட்டு ஞாபகமாவே இருக்கும். இப்ப மண்டைக்குள்ள சத்தமே இல்லை. ஆனா அந்தச் சத்தத்தை வெச்சுத்தானே நான் சமைச்சேன்?"

ஊசியை விட்டால் முட்டி போய்விடும், முட்டி போனால் அடுப்பு போய்விடும். ஊசியைப் போட்டாலும் அடுப்பு போய்விடும்போல் இருக்கிறது.

அவள் யாரையும் கேட்காமல் ஒரு காரியம் செய்தாள். டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார் என்று புருஷனிடம் பொய் சொல்லி ஊசியை நிறுத்திவிட்டாள். பசி உடனே வரவில்லை. மூன்று வாரம் தன் வயிற்றையே காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நாலாவது வாரம் ஒரு காலை நேரம் என் கதவைத் தட்டினாள். குழந்தை பிறந்த செய்தி சொல்ல வந்தவள் மாதிரி முகம்.

"அக்கா, பசிக்குது" என்றாள்.

அன்றைக்குச் சாயப் பிரிவுக்குச் சோறு பற்றியது. ஒரு வாளி மிஞ்சியது. அடுத்த வாரமே எடை நூற்று ஒன்பது, படியில் பழைய மூச்சு. பாய்லர்காரருக்கு அதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது. அவர் சத்தம் போடவில்லை. முட்டைக்குப் பக்கத்தில் அப்படியே இருந்த பேனாவை எடுத்து மேஜைமேல் வைத்தார், அவ்வளவுதான். நான்தான் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறுபடியும் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரும் திட்டவில்லை. இவ்வளவு நாள் விட்டுப்போனதால் பழைய அளவில் தொடரக் கூடாது, முதலிலிருந்து சின்ன அளவில் ஆரம்பிக்க வேண்டும் என்றாள். பலூன் வைத்தாலும் பசி மட்டுப்படத்தான் செய்யும், அதிலும் இந்தச் சிக்கல் இருக்கும் என்றாள். மூன்று வாரத்துக்குள் முடிவு பண்ணுங்கள், அறுவைச் சிகிச்சைப் பட்டியலில் உங்கள் பெயரை அதற்குமேல் நிறுத்திவைக்க முடியாது என்றாள். பசியை வைத்துச் சமைப்பதை மாஸ்டர் விளக்கிச் சொன்னபோது டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். படித்தவளுக்கும் இது புதுசு போலிருக்கிறது.

வழி சொன்னது பாய்லர்காரர். பாய்லர் அறையில் மணிக்கு ஒரு தடவை மீட்டரைப் பார்த்து அழுத்தம் எவ்வளவு என்று ஒரு நீள நோட்டில் எழுதுவார். அப்படி எழுதாத புது நோட்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"இப்ப உனக்குப் பசி இருக்கில்ல? இருக்கும்போதே குறிச்சு வெச்சுக்கலாமே" என்றார்.

"பசியையா?"

"நீ அள்ளிக் கொட்டு. எத்தனை சட்டின்னு அக்கா எழுதட்டும்."

என்னைக் கேட்காமலே என்னைச் சேர்த்துக்கொண்டார். எனக்கும் அது பிடித்திருந்தது. மறுநாளிலிருந்து ஐந்து மணிக்கு நானும் கேன்டீனுக்குப் போனேன். அவள் வெறும் வயிற்றோடு தொட்டி முன்னால் நிற்பாள். நான் எண்ணுவேன். நேரம், அழுத்தம், குறிப்பு என்று அச்சடித்த கட்டங்களில் அரிசி, பருப்பு, காய் என்று எழுதுவேன். வெயில் நாள். புழுக்கமான நாள். சம்பளத்துக்கு மறுநாள், அன்றைக்குப் பாதிப் பேர் வெளியே சாப்பிடுவார்கள். கூடுதல் நேர நாள். எண்ணுகிறேன் என்று தெரிந்ததும் முதல் இரண்டு நாள் அவளுக்குக் கை தடுமாறியது, பாட்டுப் பாடுகிறவளை நடுவில் நிறுத்தி எப்படிப் பாடுகிறாய் என்று கேட்ட மாதிரி. பிறகு என்னை மறந்துவிட்டாள். நான் மூச்சுவிடாமல் எண்ணினேன்.

இரண்டு வாரத்தில் எல்லா நாளும் வந்துவிட்டது, மழை நாளைத் தவிர. வானம் பளிச்சென்று கிடந்தது. மழை நாள் இல்லாமல் ஆரம்பிக்க முடியாது என்றாள் அவள். நியாயம்தான். ஆபீஸ் தாள் தோற்றுப்போவதே மழை நாளில்தான். ஆனால் அவள் தினமும் ஜன்னலைப் பார்த்த விதத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. மழை வரவேண்டும் என்று பார்க்கிறாளா, வரக்கூடாது என்று பார்க்கிறாளா? கேட்டேன்.

"தெரியலைக்கா" என்றாள். "முட்டி வலிக்கும்போது வந்துடணும்னு இருக்கு. சாப்பிட உக்காந்தா வரவேண்டாம்னு இருக்கு."

டாக்டர் கொடுத்த கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால், விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. நான் குடையும் நோட்டுமாக ஓடினேன். அவள் தொட்டி முன்னால் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றாள். பிறகு அள்ள ஆரம்பித்தாள். நான் எண்ணிக்கையை எழுதியதும் எட்டிப் பார்த்து, "எழுதிட்டீங்களா?" என்று கேட்டாள். எழுதிவிட்டேன் என்றேன். "சரி" என்று அடுப்பைப் பற்றவைத்தாள்.

அன்று சாயங்காலம் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். பாய்லர்காரர் மூன்றாவது தடவை போட்டுக்கொண்டார். தட்டுகளை எடுத்த பிறகு புதுப் பேனாவைக் கொண்டுவந்து, பஞ்சால் துடைத்து, மூடியைக் கழற்றினார்.

"ஒரு நிமிஷம் இருங்க" என்றாள் அவள்.

"என்னம்மா?"

"இன்னும் கொஞ்சம் பசி இருக்கு. அது இருக்கட்டும், கொஞ்ச நேரம்."

அவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்தார். அவள் எதையும் எடுத்துச் சாப்பிடவில்லை. இத்தனை வருஷம் அவளைப் பாடாய்ப் படுத்திய ஒன்று, போகப்போகிறது என்றதும் அதற்குப் பக்கத்தில் இப்படி உட்கார்ந்திருக்கிறாளே என்று எனக்கு அழுகை வந்தது. போட வேண்டாம் என்று சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். முட்டியைப் பார்த்தேன், சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே சட்டை ஓரத்தைத் தூக்கி, "போடுங்க" என்றாள்.

அதற்கப்புறம் மாதங்கள் ஓடின. அடுப்புக்கு மேலே ஒரு கயிற்றில் நோட்டு தொங்குகிறது. அவள் அதைப் பார்த்து எண்ணித்தான் போடுகிறாள். எண்ணும்போது உதடு அசைகிறது. ஒரு நாளும் குறையவில்லை. சாயப் பிரிவுக்காரர்கள் கடைசியில் வந்தும் வயிறாரச் சாப்பிடுகிறார்கள். எடை தொண்ணூற்று ஒன்பது. அடுத்த மாதம் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள்.

நேற்றும் மழை. தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் போனேன். மாஸ்டர் யாரிடமும் எதுவும் கேட்கமாட்டாள், முகத்தை ஒரு தடவை பார்ப்பாள், போடுவாள். அதிகம் என்று யாரும் சொன்னதில்லை, குறைவு என்றும் சொன்னதில்லை. நேற்று கரண்டியை அண்டாவுக்குள் விட்டவள் அப்படியே நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள்.

"எவ்வளவுக்கா?" என்று கேட்டாள்.

என் பின்னால் வரிசை நின்றது. எவ்வளவு என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை.